பதினோரு பேருக்கு நான் எழுதிய பதில்

பதில் எழுத நேரமில்லை என்று சொல்கிற தையல்காரரிடம் நான் ஒரு கைக்குட்டைகூடத் தைக்கக் கொடுக்கமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்கிறவர்கள் இங்கேயே கோபித்துக்கொண்டு எழுந்து போகலாம்.

போன மாதம் உங்களில் ஆறேழு பேர் என்னைப் பார்க்கச் செங்கல்பட்டுக்கு வந்தீர்கள். ஒருத்தி மறைமலைநகரில் கம்பெனி பஸ் பிடித்து ஓடி ஓடி அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டு நாட்டிய உடை தைக்க வந்தவள். இன்னொருத்தி அணுபுரத்தில் வீட்டு மாடியில் இரண்டு மெஷின் போட்டிருப்பவள். எல்லோருக்கும் ஒரே புலம்பல். ஒரு நாளைக்கு நாற்பது மின்னஞ்சல் வருகிறது, எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தால் எப்போது தைப்பது என்று. அதிலும் ஒருத்தி, பெயரைச் சொல்லமாட்டேன், தானாகவே பதில் போகிற மாதிரி கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னாள். என்ன பதில் போகும் என்று கேட்டேன். "தங்கள் ஆர்டருக்கு மிக்க நன்றி, குறித்த நாளில் முடித்துத் தருவோம்" என்று போகுமாம். எல்லோருக்குமா என்றேன். எல்லோருக்கும்தான் என்றாள். வந்தவர்கள் முகம் வாட வேண்டாமே என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றைக்கு விழுங்கிவிட்டதை இப்போது எழுதுகிறேன். தையலைப் பற்றி இதில் ஒன்றும் இருக்காது. அது உங்களுக்கே தெரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் கணவர் இறந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. கையில் ஒரு பெண் குழந்தை, ஒரு தையல் மெஷின். கணவரின் அண்ணனை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். அவருக்குச் செங்கல்பட்டு பஜாரில் துணிக்கடை. கடையின் பின்கட்டில் எங்கள் இருவருக்கும் இடம் கொடுத்தார், தன் வீட்டுச் சோற்றையே எங்களுக்கும் போட்டார். ஒருநாள்கூட அதைச் சொல்லிக்காட்டியவர் இல்லை. இனிமேல் நான் சொல்லப்போவதை வைத்து அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவரை எதிர்த்துக்கொள்வது எளிது. நல்லவரிடம் முடியாது என்று சொல்லத்தான் தைரியம் வேண்டும்.

ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த என்னிடம், பக்கத்துத் தெருவில் நாட்டியம் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஒருவர் கிழிந்த உடை ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டுப்போட முடியுமா என்று கேட்டார். நான் ஒட்டுப்போடவில்லை. கடைசித் தையல்வரை பிரித்து, எது எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி தைத்தேன். அந்த டீச்சர் வாய்ச்சொல்லால் மதுராந்தகம், அச்சரப்பாக்கம், திருக்கழுக்குன்றம், கடற்கரைப் பக்கம் மாமல்லபுரம் என்று என் பெயர் போனது. முஸ்லிம் பொம்பளை டான்ஸ் துணி தைக்கிறாளே என்று இரண்டு மதத்துக்காரர்களும் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கிறவர்களுக்கு நான் தைத்துக்கொடுக்கப் போவதில்லை, பிறகு எனக்கென்ன.

இரண்டே வருஷத்தில் தலைக்கு மேல் வேலை. எல்லாம் தபாலில்தான் வரும். உங்கள் மின்னஞ்சலில் வருகிற அதே கேள்விகள்தான், இன்லண்ட் லெட்டரிலும் போஸ்ட் கார்டிலும் வந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். "எங்கள் பெண் நல்ல உயரம், நடுத்தர உடம்பு, அதற்குத் தக்கபடி தைத்து அனுப்பவும்" என்று ஒரு தகப்பனார் எழுதுவார். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டால், "லட்சணமாக" என்று பதில் வரும். ஒருவர் நான்கு பக்கம் எழுதுவார், மூன்றரைப் பக்கம் தன் பெண்ணின் அபிநயத்தைப் பற்றி இருக்கும், ஆடப்போகும் தேதி மட்டும் இருக்காது.

அளவு எழுதச் சொன்னால் வாய்க்கு வந்ததை எழுதினார்கள். அநேக வீடுகளில் டேப் கிடையாது. இருந்தாலும் பெண்ணின் இடுப்பளவை வெளியாருக்கு எழுத வீட்டு ஆண்களுக்குக் கூச்சம், குறைத்தோ கூட்டியோ எழுதிவிடுவார்கள். அதனால் நான் ஒரு வழி செய்தேன். அளவை எழுதாதீர்கள், நூல் அனுப்புங்கள் என்று பதில் போடுவேன். நீட்டினால் நீளாத பருத்தி நூல். இடுப்புக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஒன்று, இப்படி ஏழு நூல். சரியாக வெட்டி, ஒவ்வொன்றின் நுனியிலும் எதன் அளவு என்று காகிதத் துண்டில் எழுதிக் கட்டி, கவரில் போட்டு அனுப்பினால் போதும். எழுத்து பொய் சொல்லும், நூலுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு அரைமணி நேரம் கடிதத்துக்கு உட்காருவேன். முடியுமா, எப்போது முடியும், நீங்கள் எனக்கு என்ன அனுப்ப வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் கடிதம் முடிந்தது. முடியாது என்றால் அதையும் அன்றைக்கே எழுதிவிடுவேன், ஒரு கார்டில் இரண்டே வரி. முடியாது என்பதைச் சீக்கிரம் சொல்கிறவள்தான் மரியாதை தெரிந்தவள். வேறு ஆளைத் தேட அவர்களுக்கு நாள் மிஞ்சும் இல்லையா.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததைக் கெடுத்தது நான்தான். ஒரு மழைக்காலத்தில் வேலை கழுத்தை நெரித்தது. மச்சான் வந்து, "நீ தச்சிகினே இரு. கடுதாசிய நான் பாத்துக்கிறேன். மெட்ராஸ் ஆம்பளைங்களுக்கெல்லாம் நீ எழுதறது நல்லாவும் இல்ல" என்றார். கடைசி வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் சொன்னது பிடித்திருந்ததால் கடைசியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அளவுகளையும் அவரே எடுத்து நோட்டில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். காலம் காலமாகத் துணி அளக்கிறவர் அவர், அவருக்குத் தெரியாத அளவா என்று நான் தலையாட்டிவிட்டேன். தங்கச்சிகளே, இஸ்திரி போடுவதைக் கொடுங்கள், கொக்கி வைப்பதைக் கொடுங்கள், கடையின் சாவியைக்கூடக் கொடுங்கள். பதில் எழுதுவதை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். அது தையலுக்கு வெளியே இருக்கிற வேலை என்று நான் நினைத்தேன். தையல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்றரை மாதம் போல நிம்மதியாகத் தைத்தேன். பொய் சொல்லக்கூடாது, சுகமாகத்தான் இருந்தது.

கார்த்திகைக் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு காலை வேளையில், மாமல்லபுரத்தில் சங்கு, சிப்பிச் சாமான்கள் விற்கும் கடைக்கார அம்மா ஒருவர் பஸ் ஏறி வந்தார். மச்சானின் நோட்டைப் பார்த்து நான் தைத்து அனுப்பிய முதல் உடை அவர் மகளுக்குத்தான், அதுவரை தைத்த மற்றதெல்லாம் நானே அளந்திருந்த பழைய ஆர்டர்கள். அந்தப் பெண் நான்கு நாள் முன்பு, கடற்கரை ஓட்டல் ஒன்றில் வெள்ளைக்காரர்கள் முன்னால் முதல் தடவையாக ஆடியிருக்கிறாள். அந்த அம்மா உடையைப் பையிலிருந்து எடுத்து என் மெஷின் மேல் வைத்தார். சண்டை போடவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

"ஒரு கையால இடுப்பப் புடிச்சிகினே ஆடுச்சும்மா எம் பொண்ணு. கடசி வரிக்கும் கைய எடுக்கல" என்றார்.

அவரை உட்காரவைத்துவிட்டு உடையின் இடுப்பை அளந்தேன். நோட்டில் உள்ள அளவுதான் இருந்தது. அந்த அம்மா மகளின் இடுப்பைப் புது நூலில் அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார், அந்த நூலை உடைமேல் வைத்துப் பார்த்தேன். உடை ஒரு விரல் தாராளம். ரவிக்கையில் ஒரு விரல் தாராளம் என்றால் மூச்சுவிட வசதி. நாட்டிய உடை இடுப்பில் கவ்விப் பிடிக்கவேண்டும், இல்லையென்றால் முன்னால் விரிகிற விசிறி மடிப்பின் கனமே முழுவதையும் கீழே இழுத்துவிடும்.

கடைக்கு முன்பக்கம் போனேன். மச்சான் ஒருவருக்கு லுங்கித் துணி அளந்துகொண்டிருந்தார். அந்த அம்மா அனுப்பியிருந்த நூல்களைக் கேட்டேன். "நூலா? அளவத்தான் நோட்டுல ஏத்திட்டனே. அத்த இன்னாத்துக்கு சேத்து வைக்கறது? குப்பைல போட்டாச்சு" என்றார். எப்படி அளந்தீர்கள், எனக்கு ஒரு தடவை செய்துகாட்டுங்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு நூலை இரும்பு அளவுகோலில் வைத்தார். நுனியைப் பிடித்த கட்டைவிரலை நூலைத் தாண்டி வைத்து, விரல் முடிகிற இடத்து எண்ணைச் சொன்னார்.

அங்கேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. செங்கல்பட்டு பஜாரில் அவர் கடைக்கு இருந்த பெயரே அந்தக் கட்டைவிரலால்தான். மற்றக் கடைகளில் துணியை இழுத்துப் பிடித்து அளப்பார்கள், இவர் தளரவிட்டு, கடைசியில் ஒரு விரல் கொசுறு விட்டுத்தான் கத்தரி போடுவார். வாங்குகிறவர் மனம் குளிரவேண்டும். அது அவருக்குத் தொழில் தர்மம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகவே போகும். அதே தாராளத்தை நூலுக்கும் காட்டியிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் ஒரு விரல்தானா, அப்படியென்றால் கழித்துவிடலாம் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "மரியாதையா எழுதனவங்களுக்கு ஒரு விரல் வுட்டேன். மத்தவங்களுக்கு அர விரல். சில பேரு எழுதனத பாத்தா ஒன்னும் வுடத் தோணல." யார் மரியாதையாக எழுதினார்கள் என்பது நோட்டில் இல்லை. கடிதங்களை வைத்துப் பார்த்தாலும் அந்தந்த நேரத்தில் அவர் மனம் எப்படி இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்.

அதோடு முடியவில்லை. அவர் அனுப்பிய பதில்களின் நகல் ஒரு கம்பியில் குத்தப்பட்டிருந்தது. எல்லாம் கடையின் பெயர் அச்சடித்த தாளில். கையெழுத்தும் கடையின் பெயரில். இன்னும் தைக்காத பதினோரு ஆர்டருக்கும் ஒரே பதில்: தங்கள் சித்தம் எங்கள் பாக்கியம், தாங்கள் கேட்ட நாளில் உடை வந்துசேரும். துணிக்கடையில் வந்தவரை இல்லையென்று அனுப்பக்கூடாது, இல்லாததைப் பக்கத்துக் கடையிலிருந்தாவது வாங்கிக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கம். பதினோரு பேரில் பத்துப் பேர் ஒவ்வொரு உடை கேட்டவர்கள். பதினோராவது மெட்ராஸில் பெரிய நாட்டியப் பள்ளி, ஆறு உடை. பதினாறும் தை பிறந்த முதல் பத்து நாளைக்குள். என் கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒரு உடைக்கு மூன்று நாள். பதினாறு உடை ஆகாது, பத்துதான் ஆகும். அதுவும் பண்டிகை, ஓய்வு எதுவும் இல்லாமல்.

முதலில் அந்த அம்மாவின் உடையைப் பிரித்து, அவரை உட்காரவைத்தே சரிசெய்து கொடுத்தேன். மத்தியானம் அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து, மச்சானிடம் எல்லோருக்கும் உண்மையை எழுதி, நூல்களை மறுபடி அனுப்பச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. எல்லாவற்றிலும் முக்கால் விரல் கழித்துத் தைத்துவிடு, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அவர்களே ஊக்கு குத்திக்கொள்வார்கள் என்றார். உங்களில் சிலருக்கும் இப்படி யாராவது சொல்லியிருப்பார்கள், அல்லது இனிமேல் சொல்வார்கள். கேட்க நல்ல யோசனையாகவே இருக்கும். அதில் ஒரே ஒரு குறைதான். கொசுறு விழாத நாலைந்து பேருக்கு உடை இடுப்பில் ஏறாமல் போகும், ஒரு விரல் விழுந்தவர்களுக்கு இன்னும் தளர்வாகவே இருக்கும். யாருக்கு என்ன ஆகும் என்று மேடையில்தான் தெரியும்.

அன்று மத்தியானமே பதினோரு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். கடைத் தாளில் எழுதவில்லை. அளவு எடுத்ததில் எங்கள் பக்கம் தவறு நடந்துவிட்டது, தங்கள் நூல்கள் இப்போது எங்களிடம் இல்லை, ஒரு வாரத்துக்குள் மறுபடி அனுப்பினால் குறித்த நாளில் உடை கிடைக்கும் என்று பத்துப் பேருக்கு எழுதினேன். யார் செய்த தவறு என்று எழுதவில்லை. அது என் வீட்டு விஷயம். "எழுத்துப்பிழை", "தவிர்க்கமுடியாத காரணம்" என்று பூசி மெழுகவும் இல்லை.

பதினோராவது கடிதத்தில்தான் பேனா நின்றுவிட்டது. அந்தப் பள்ளியின் வேலை கிடைக்காதா என்று நான் மூன்று வருஷமாக ஏங்கியிருக்கிறேன். அங்கே ஒருமுறை தைத்துவிட்டால் மெட்ராஸ் முழுக்க என் பெயர் போகும். மகளைப் படிக்கவைக்கலாம், பின்கட்டைவிட்டு வரலாம், எல்லாம் ஆகலாம். பத்துச் சின்ன ஆட்களில் ஆறு பேருக்கு முடியாது என்று எழுதிவிட்டு இதை எடுத்துக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்? அந்தப் பத்துப் பேரில் ஒருவரான அச்சரப்பாக்கத்து வேர்க்கடலை மண்டிக்காரர் வந்து சட்டையைப் பிடிக்கப்போகிறாரா? அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வியை வைத்து முடிவு செய்தேன். நான் முடியாது என்றால் யாருக்கு வேறு இடம் இருக்கிறது? மெட்ராஸ் பள்ளிக்குத் தெருவுக்கு ஒரு தையல்காரர். மண்டிக்காரரின் மகளுக்கு என்னைவிட்டால் ஆளில்லை. நெருக்கடியில் யாரைக் கைவிடுவது என்று உங்களுக்கும் ஒருநாள் வரும். யார் பெரியவர், யார் முதலில் கேட்டார் என்றெல்லாம் பார்க்கலாம். நான் பார்த்தது இது ஒன்றுதான்.

பள்ளிக்கு எழுதினேன்: ஆறு உடைகளையும் அந்த நாளுக்குள் என்னால் தைக்க முடியாது, ஏற்கெனவே வந்த சம்மதக் கடிதத்தை ரத்து செய்துகொள்ள வேண்டுகிறேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ள இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கீழே ஹாஜரா பீவி, தையல்காரர் என்று கையெழுத்துப் போட்டேன். அதுவரை எந்தக் கடிதத்திலும் நான் முழுப்பெயர் போட்டதில்லை.

கடிதங்களை எடுத்துக்கொண்டு கடை வழியாக வெளியே வந்தேன். பஜார் நிறைய ஜனம். மச்சான் கல்லாவிலிருந்து எழுந்து வாசலில் வந்து நின்றார். இந்தக் கடிதம் போனால் கடையின் பெயர் போய்விடும் என்று மெதுவாகத்தான் சொன்னார். நான் சொன்னேன்: "போவட்டும் மச்சான். கடப் பேரு போனா நாளிக்கு சம்பாரிச்சிக்கலாம். மேடைல பாவாட வுழுந்தா அந்தப் பொண்ணு எங்க போய் சம்பாரிக்கும்?"

அவர் வழிவிட்டார் என்று சொல்லமுடியாது. நான் பக்கவாட்டில் நுழைந்து போனேன். தபாலாபீசில் பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டேன். பயந்துகொண்டேதான் செய்தேன். பயமில்லாமல் செய்ததாக யாராவது பழைய கதை சொன்னால் நம்பாதீர்கள்.

ஆறாம் நாளுக்குள் எட்டுப் பேரின் நூல் வந்துவிட்டது. ஒருவர் ஒன்றரைப் பக்கம் திட்டிவிட்டு, கடைசி வரியில் நூல் இணைத்திருப்பதாக எழுதியிருந்தார். ஒருவர் ஆர்டரே வேண்டாம் என்று கார்டு போட்டுவிட்டார். அச்சரப்பாக்கத்திலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. ஏழாம் நாள் மண்டிக்காரரின் மனைவி மகளையே கூட்டிக்கொண்டு வந்து நின்றார். "நூலு இன்னாத்துக்கும்மா, பொண்ணையே இட்டாந்துட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டே அளந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பள்ளியிலிருந்து பதில் இல்லை. மார்கழி பாதி ஆனபோது, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மச்சான் கடை திறந்த நேரம், பஜாருக்குள் ஒரு அம்பாசிடர் கார் நுழைந்தது. பள்ளியின் செயலாளர் அம்மாள். பட்டுப்புடவை, வைரத்தோடு, கையில் என் கடிதம். வேறு ஆளைத் தேடவே இல்லையாம். ஒரு தையல்காரி முடியாது என்று எழுதியதை அவர் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு பெண்களின் நூல்களையும் புதிதாக எடுத்துவந்திருந்தார். கவரை என் மெஷின் மேல் வைத்து, பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் கார் அனுப்புகிறேன் என்றார். கேட்கவில்லை, சொன்னார்.

மச்சான் கலர் சோடா வாங்கிவரச் சொல்லி, நாற்காலியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்துக் கொடுத்தார். என்னைப் பார்க்காமலே, "தச்சிடுவாம்மா, நீங்க தைரியமா போங்க" என்றார். மெஷினில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது அச்சரப்பாக்கத்துப் பெண்ணின் உடை. அதற்குப் பின்னால் இன்னும் நான்கு இருந்தன.

நான் எழுந்து நின்று, அந்தக் கவரை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். "என் பேரு போட்டு நான் எழுதன பதிலு உங்க கைலதாம்மா கீது. அதுல இன்னா எழுதியிருக்கோ அதான். பேச்ச மாத்தமாட்டேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. உனக்கு விவரம் தெரியவில்லை என்று சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல எடுத்துச் சொன்னார். இதைச் செய்தால் ஒவ்வொரு வருஷமும் பள்ளியின் முழு வேலையும் எனக்கு. செய்யாவிட்டால் மெட்ராஸில் ஒருவரும் என்னிடம் தைக்கமாட்டார்கள், அதற்கு அவர் பொறுப்பு. "யோசிச்சுச் சொல்லும்மா. இந்த ஊர்ல உட்கார்ந்து எத்தனை நாளைக்கு யாரோ ஒருத்தர் பொண்ணுக்குத் தைச்சுண்டு இருப்பே?" என்றார்.

யோசித்து இருபது நாளாகிறது அம்மா, அதைத்தான் அன்றைக்கே எழுதி அனுப்பினேன் என்று சொல்லிவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். இரண்டு தடவை நூல் அறுந்தது. அவர் சோடாவைத் தொடாமல் எழுந்து போனார்.

சொன்னபடியே செய்தார். அந்தப் பள்ளியிலிருந்து இன்றுவரை எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. மெட்ராஸ் வேலை எனக்குக் கிடைக்க இன்னும் ஒன்பது வருஷம் ஆனது. அந்த ஆறு பெண்களும் அந்தப் பொங்கலுக்கு என்ன உடுத்தி ஆடினார்கள் என்று எனக்குத் தெரியாது. தப்பு அவர்கள் மேல் இல்லை. நான் விசாரித்திருக்கலாம், விசாரிக்கவில்லை. அது ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. மற்றபடி, அந்தப் பதிலை மாற்றி எழுதியிருக்கலாமே என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஒன்பது உடைகளும் நாள் தவறாமல் போய்ச் சேர்ந்தன. அச்சரப்பாக்கத்துப் பெண் திருக்கழுக்குன்றத்தில் ஒரு மண்டபத்தில் ஆடினாள், நானே போய்ப் பார்த்தேன். இரண்டு கையும் விரித்து ஆடினாள்.

மச்சான் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு வந்தது, பேச்சு வரவில்லை. தை முடிந்ததும், கடை விலாசத்துக்கு என் பெயரில் இனிமேல் கடிதம் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். நான் பதிலுக்கு மல்லுக்கு நிற்கவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில் ஓர் அறை பிடித்து, மகளையும் மெஷினையும் கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். விதவை தனியாக மாடியில் குடியிருக்கிறாள் என்று பஜாரே பேசியது. பேசிவிட்டுப் போகட்டும் என்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டே தைத்தேன். தெரிந்த விலாசத்துக்கெல்லாம் புது விலாசத்தைக் கார்டில் எழுதிப் போட்டேன். அப்படியும் சில மாதத்துக்குக் கடிதங்கள் பழைய கடைக்கே போய்க்கொண்டிருந்தன. அவை என் கைக்கு வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

சித்திரை வாக்கில் தபால்காரர் ஒரு கவரைக் கொண்டுவந்தார். காஞ்சிபுரத்து முத்திரை. கடையின் பெயருக்கு வந்தது. அந்தப் பெயரை ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் முத்து முத்தான கையெழுத்தில் என் முழுப்பெயரும், தையல்காரர் என்றும், மாடி அறையின் விலாசமும் எழுதப்பட்டிருந்தன. மச்சானின் எழுத்து. என் பெயரை அவர் அதுவரை எழுதி நான் பார்த்ததில்லை. கவரைத் திருப்பிப் பார்த்தேன். பிரிக்கவே இல்லை.

பிறகு பிரித்துப் படித்தேன். நான்கு உடை, பத்தே நாளில் வேண்டும், முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

மெஷினை மூடினேன். ஒரு கார்டு எடுத்து, பத்து நாளில் முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.